மனிதனை மெஷினாகப் பதிவு செய்யக் கோரி

ஓசூர் வட்டாரத்தில் சில வாரம் தங்கி இளைப்பாறிவிட்டுப் போக அரசாங்கத்தின் முழு ஏற்பாடும் உள்ள ஜீவராசி ஒன்றே ஒன்றுதான்: யானை. ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக வரும். சானமாவு காட்டில் யானைகள் முகாம், பொதுமக்களுக்கு வனத்துறை எச்சரிக்கை என்று பேப்பரில் செய்தி வரும். வனக்காவலர்கள் ராத்திரியெல்லாம் டார்ச்சோடு பின்னால் நடப்பார்கள். எத்தனை உருப்படி, குட்டி உண்டா, எந்தத் திசையில் நகர்கிறது என்று கணக்கு எழுதுவார்கள். எந்த மாநிலம், ஆதார் இருக்கிறதா, காண்ட்ராக்டர் யார் என்று ஒருவரும் யானையிடம் கேட்பதில்லை. எனக்கு அதன்மேல் பொறாமை எதுவும் இல்லை. அது நடந்த வழியில் ரோடு போட்டது நாம்தான். வந்து தங்கட்டும்.

தருமபுரியிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் பையன் ஒருவனுக்கு நாலு ராத்திரி தூக்கம் போய், ஐந்தாவது ராத்திரி காதில் குரல் கேட்க ஆரம்பித்தால் என்ன ஏற்பாடு? ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். லாட்ஜ் எங்கே என்றால் பத்துக் கை நீளும். வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி எங்கே என்றால் கையைப் பிடித்தே கூட்டிப்போவார்கள். டாஸ்மாக் எங்கே என்று கேட்கவே வேண்டாம், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மனசு கலங்கினவன் பத்து நாள் தங்கி, மருந்து சாப்பிட்டுத் தேறிப் போக அரசாங்கம் நடத்தும் வீடு எங்கே என்று கேளுங்கள். உங்களையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நான் பெரிய ஆஸ்பத்திரி கேட்கவில்லை. பத்துக் கட்டில். ஒரு சமையற்கட்டு. ராத்திரி விழித்திருக்கும் ஒரு நர்ஸ். அடிக்கடி வந்து பார்க்கும் டாக்டர். கூட வந்த அம்மாவோ அண்ணனோ படுக்க ஒரு பாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் ஓரளவு பேசத் தெரிந்த ஓர் ஆயா. ஓசூரில் அப்படி ஆளுக்கா பஞ்சம்? வெளிப்பக்கம் பூட்டு கிடையாது. இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். தூக்கம் திரும்பி, மருந்து பிடித்து, பேச்சு சீராகி, மறுபடி வேலைக்குப் போகிற வரை. இவ்வளவுதான்.

இதை ஏதோ சந்திர மண்டலத்துத் திட்டம் மாதிரி பார்க்க வேண்டாம். இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக ஊர். அதுவும் எல்லை ஊர்தான். தாண்டினால் அன்றைய யுகோஸ்லாவியா. 1971இல் அங்கே மனநல மருத்துவமனைப் பொறுப்பை ஏற்ற ஃபிராங்கோ பசாலியா, ஆயிரம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்த அந்த வளாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். 1978இல் நாடு முழுவதும் அத்தகைய மருத்துவமனைகளை மூடும் சட்டமே வந்தது. அவற்றுக்குப் பதிலாக ஊருக்குள், கடைத்தெருவுக்குப் பக்கத்தில், 24 மணி நேரமும் திறந்திருக்கும் மையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சில படுக்கைகள். நிலைமை முற்றினவர் அங்கே போய்ப் படுப்பார், தேறியதும் வீட்டுக்கு வந்துவிடுவார்.

நம்மிடம் மட்டும் சட்டத்துக்குக் குறைச்சலா? மனநல பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 18ஆம் பிரிவு வெளிநோயாளி, உள்நோயாளி சிகிச்சையோடு நிற்கவில்லை; இடைவழி இல்லம், ஆதரவோடு கூடிய தங்குமிடம் எல்லாவற்றையும் அரசு தர வேண்டிய சேவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. 19ஆம் பிரிவு, சமூகத்துக்குள் வாழ்வது உரிமை என்கிறது. படித்தால் கண்ணில் நீர் வரும். அவ்வளவு அழகான சட்டம். வெளியே எடுத்தால் அழுக்காகிவிடும் என்றோ என்னவோ பீரோவிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஓசூருக்கு வசதியே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாட்டிலேயே பெரிய பெயர் பெற்ற மனநல நிறுவனம் நிமான்ஸ். 1974 முதல் அந்தப் பெயரில் நடக்கிறது. அதன் முகவரி என்ன தெரியுமா? ஓசூர் ரோடு. என்ன ஒன்று, அந்த ஓசூர் ரோடு பெங்களூருவில் இருக்கிறது. நடுவில் ஒரு மாநில எல்லை, அத்திப்பள்ளி டோல், எலெக்ட்ரானிக் சிட்டி, அதற்கப்பால் சில்க் போர்டு சிக்னல். நாற்பது கிலோமீட்டர்தான். சொந்தக் கார் வைத்திருந்தால், கூட்டிப்போக லீவு போட்ட ஆள் இருந்தால், வண்டிக்குள் அவன் கதவைத் திறந்து குதிக்காமல் இருந்தால், போய்ச் சேரலாம். எதிர்த் திசையில் போனால் சென்னை கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கியது, 1,800 படுக்கை, சுமார் 300 கிலோமீட்டர். ஒரு பக்கம் அடுத்த மாநிலம், மறு பக்கம் அடுத்த நாள். மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரிக்கு 2022இல் மருத்துவக் கல்லூரி வந்தது. மாத்திரை கிடைக்கிறது, சந்தோஷம். 14416க்குப் போன் போட்டால் டெலி மானஸ் மனநல உதவி மையத்தில் பொறுமையாகப் பேசுகிறார்கள், அதுவும் சந்தோஷம். போனை வைத்த பிறகு எங்கே போய்ப் படுப்பது என்பதுதான் கேள்வி.

அந்த ஐந்தாவது ராத்திரி எப்படியிருக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எந்த கம்பெனி என்று தேட வேண்டாம். எந்தப் பேட்டைக்கும் பொருந்துகிற மாதிரி கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். ஜூஜூவாடிப் பக்கம் ஒரு லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், மூன்று பாய். ஷிஃப்ட் மாறும்போது பாயும் கைமாறும். ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் படுப்பான். சுவரில் ஒரே ஆணியில் ஆறு ஐடி கார்டு. இவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். போனைக் கழற்றி பேட்டரியைத் தனியாக வைத்திருக்கிறான். அதற்குள்ளிருந்து சூப்பர்வைசர் பேசுகிறாராம். "மச்சான், படுடா. காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்கிறான் பக்கத்துப் பாய்க்காரன். திட்டவில்லை, கெஞ்சுகிறான். அவனுக்கும் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு இவன் எழுந்து செருப்புகூடப் போடாமல் கம்பெனி கேட்டுக்கு நடக்கிறான். லைன் நிற்காமல் ஓடுகிறது, என்னை எண்ணிக்கொண்டே இருக்கிறது, நிறுத்துங்கள் என்கிறான். செக்யூரிட்டி அண்ணன் நல்லவர்; டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு காண்ட்ராக்டரின் ஆளைக் கூப்பிடுகிறார்.

"இவனுக்குச் சொந்தக்காரங்க யாருப்பா இங்க?"

"யாரும் இல்லீங்கண்ணா. ஊர்லதான்."

"அப்ப ஊருக்கு ஏத்தி விடுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் எழுதி வாங்கிருங்க. சொந்தக் காரணம்னு."

முடிந்தது சிகிச்சை. இதுதான் இந்தத் தொழிற்பேட்டையின் குறுகிய காலத் தங்கும் மனநல மையம்: ரயிலின் அன்ரிசர்வ்ட் பெட்டி. ஒடிசாக்காரனுக்கு இரண்டு ராத்திரி தங்கலாம். உள்ளூர்க்காரனாக இருந்தால் தருமபுரி பஸ்ஸில் இரண்டு மணி நேரச் சிகிச்சை. டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது, கூட ஒரு நண்பன் ஏறினால் அதிர்ஷ்டம். அவனுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். போய்ச் சேர்ந்தானா என்று விசாரித்து எழுத ஒரு ரிஜிஸ்டர்கூட எங்கும் கிடையாது. யானைக்கு உண்டு.

ஈஎஸ்ஐ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மாதாமாதம் அவன் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள்; முதலாளி பங்கு 3.25. படுத்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். ஸ்கிசோஃப்ரினியா மாதிரி பெரிய நோய் என்றால் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி: 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைகூட. அருமையான ஏற்பாடு. அதற்கு ஒரு முக்கியத் தகுதி: நோய் வருவதற்கு முன் தொடர்ந்து இரண்டு வருஷம் காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்கொரு தரம் காண்ட்ராக்டர் பெயர் மாறி, நடுவில் ஒரு மாதம் 'பிரேக்' என்று வீட்டில் உட்கார வைக்கப்படுகிறவன் அந்தத் தொடர்ச்சியை எங்கே போய் நிரூபிப்பான்? மூளையாவது கொஞ்சம் பொறுத்திருந்து, நிரந்தர வேலை கிடைத்த பிறகு கலங்கக்கூடாதா? அதற்கும் அவசரம்.

யோசித்துப் பார்த்ததில் இந்த ஊரில் மனிதனாக இருந்து ஒன்றும் ஆகாது என்று புரிந்தது. ஆகவே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கிருஷ்ணகிரி.
பொருள்: மனுதாரரை மெஷினாகப் பதிவு செய்து உத்தரவிடக் கோருதல்.

ஐயா,

1. மெஷினில் சத்தம் மாறினால் உடனே நிறுத்திவிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. எனக்குச் சத்தம் மாறி மூன்று வாரமாகிறது. டார்கெட்டைத்தான் ஏற்றினார்கள்.

2. மெஷின் நின்றால், ஏன் நின்றது என்று ஐந்து தடவை 'ஏன்' கேட்டு வேர்க்காரணத்தைக் கண்டுபிடித்து போர்டில் ஒட்டுகிறார்கள். நான் நின்றபோது ஒரு தடவைகூட ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

3. மெஷினுக்கு வருஷத்துக்கொரு தரம் ஷட்டவுன் உண்டு. பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, தேய்ந்த பாகம் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் லைனில் ஏற்றுகிறார்கள். அத்தனை நாளும் யாரும் அதை வேலை நீக்கம் செய்வதில்லை.

4. ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை; அதன் பெயரால் பூசணிக்காயும் உடைக்கிறார்கள். எனக்கு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒரு பலூனும் ஓர் உறுதிமொழியும், 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று ஒரு ஸ்டிக்கரும். நானும் நம்பிப் பேசினேன். பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை.

5. மெஷின் பழுதானால் அதைத் தயாரித்த நாட்டிலிருந்து இன்ஜினியர் விமானத்தில் வருகிறார். நான் பழுதானால் என்னைப் பெற்றவளை வரச் சொல்கிறார்கள். அவளிடம் பஸ்ஸுக்குக் காசில்லை.

6. மெஷினைக் கழித்துக் கட்டினாலும் எடைக்கு விலை போகும்.

எனவே என்னை மெஷினாகப் பதிவு செய்து, ஒரு ஷட்டவுனாவது வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சிரித்தீர்களா? நல்லது. இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

படுக்கை போட இந்த அரசுக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதியைத் திறந்தார்கள்: 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கை. வேலைக்கு வருகிற பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், கட்டியது சரிதான். ஆனால் அந்தக் கணக்கை ஒரு நிமிஷம் பாருங்கள். காலையில் எழுந்து லைனில் நிற்கத் திராணியுள்ளவளுக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் படுக்கை போடத் தெரிந்த மாநிலம் இது. அவளுக்கே ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் போனால் பத்துப் படுக்கைக்குக் கோப்பு இல்லை, இடம் இல்லை, நிதி இல்லை. நிலமா இல்லை? ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதில் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலை போதும் எனக்கு. கணக்குப் போட ஆளா இல்லை? 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மனுஷ உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்ட அந்த மசோதாவில், தாங்காமல் விழுந்தவன் எங்கே படுப்பான் என்று ஒரு வரி உண்டா?

அரசு கைவிட்ட இடத்தில் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? குணசீலம் போனார்கள், 48 நாள் தங்கி, பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் தெளித்துக்கொண்டார்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போனார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. தங்க ஓர் இடம், கூட இருக்க வீட்டாள், கேள்வி கேட்காத சனம். அரசு தரத் தவறிய மூன்றையும் கோயிலும் தர்காவும் தந்தன. ஆனால் அந்த நம்பிக்கையைச் சுற்றி முளைத்த தனியார் கொட்டகைகள் என்ன செய்தன? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். நெருப்பைக் கண்டு ஓட வேண்டும் என்று தெரியாத அளவுக்கு அவர்களில் யாருக்கும் புத்தி பேதலித்திருக்கவில்லை. கால்தான் விடவில்லை.

அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது, ஆய்வுகள் நடந்தன, கொட்டகைகள் மூடப்பட்டன. 2017 சட்டம் 95ஆம் பிரிவில் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்தது. சங்கிலிக்குத் தடை வந்தது; சங்கிலி வாங்க வைத்த காரணம் அப்படியே இருக்கிறது. மகனைக் கட்டிப் போட்ட எந்தத் தாயும் ஆசைப்பட்டுக் கட்டவில்லை. காட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிற வரை அவன் கிணற்றில் விழாமல் இருக்க வேண்டுமே என்று கட்டினாள். அவளுக்கு ஒரு பத்து நாள் இளைப்பாற இடம் தராமல் சங்கிலியைக் குற்றமாக்குவது சுலபம், செலவும் கிடையாது. இடம் தராததால் என்ன ஆகும் என்பதற்கு 2001ஐ மட்டும் தேடிப் போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்தின் விவகாரம் வெடித்தது. சித்திரவதைப் புகார், காணாமல் போனவர்கள் என்ற புகார், பெங்களூருவில் ஓர் இல்லத்துக்கு ஆட்கள் அனுப்பப்பட்டதாகப் புகார், சிபிசிஐடி விசாரணை. விழுப்புரத்திலிருந்து பெங்களூருவுக்கு மனிதர்களைக் கொண்டுபோக ஒரு வழி இருந்திருக்கிறது; நோயாளியைக் கொண்டுபோகத்தான் ஆம்புலன்ஸ் வழி தெரியவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. நல்லது நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். தெருவில் திரியும் மனநோயாளிகளுக்காக 2018 முதல் சில மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழக அரசு தொடங்கியது. 1993இல் சென்னையில் பிறந்த பேன்யன் மாதிரியான அமைப்புகளின் அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஊரைக் கண்டுபிடித்து வீட்டில் சேர்க்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் உள்ளே நுழைவதற்கான தகுதியைக் கவனித்தீர்களா? தெருவுக்கு வந்திருக்க வேண்டும். வேலை போய், வீடு போய், பேர் மறந்து, சடை பிடித்து, குப்பைத் தொட்டியில் கைவிட்டு எடுத்துத் தின்னும் நிலைக்கு வந்த பிறகு அரசின் கண்ணுக்கு நீ தெரிவாய். அதற்கு முந்தின வாரம், லைன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது தெரியமாட்டாய். பத்து நாள் படுக்கையில் முடிந்திருக்க வேண்டியதைப் பத்து வருஷத் தெருவாக நீட்டிவிட்டு, பிறகு மீட்பு என்று பெயர் வைக்கிறோம்.

இதையெல்லாம் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். பதில் தயாராக இருக்கிறது. லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குக் கம்பெனிச் சட்டம் 2013 சொல்கிறது. பெயர்ப்பலகை பெரிதாகவும் நிழல் சிறிதாகவும் உள்ள பஸ் ஸ்டாப்புகள் போதும், கட்டில் வாங்குங்கள். கட்டில்மேல் உங்கள் பெயரை எழுதிக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நர்ஸுக்கும் டாக்டருக்கும் சம்பளம் கொடுப்பது அரசின் வேலை; அதைக் கம்பெனியின் தர்மமாக மாற்றிவிடவும் கூடாது.

தொழிற்சங்கத்துக்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் ஒரு குறிப்பு. மனநலச் சட்டத்தின் அதே 18ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இடைவழி இல்லம் உள்ளிட்ட குறைந்தபட்சச் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், நோயாளி அந்த மாவட்டத்திலேயே வேறு மனநலச் சேவையை நாடலாம், சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வேண்டும். 'அந்த மாவட்டத்திலேயே' என்ற இடத்தைக் கவனியுங்கள். நம் ஆள் ஓசூர் ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அது அடுத்த மாநிலம். கணக்கில் வராது என்று கையை விரிக்க வசதி. விரிக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் டாக்ஸி ரசீதையும் மருந்து பில்லையும் போன சம்பளக் கணக்கையும் சேர்த்துக் கட்டி, திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுத்தால் அது மனு. ஐநூறு பேர் கொடுத்தால் அது வழக்கு.

அடுத்த முறை சட்டமன்றத்தில் ஓசூரின் பெயரை எடுக்கிறவர்கள் ஏக்கர் கணக்கைச் சற்று நிறுத்திவிட்டுக் கட்டில் கணக்கைச் சொல்லட்டும். ஓசூரில் பத்து, கிருஷ்ணகிரியில் பத்து, தேன்கனிக்கோட்டையில் பத்து. ஒரு வருஷ அவகாசம். முடியாதென்றால், முடியாது என்பதையாவது எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீதிமன்றத்துக்கு எங்களுக்கு அந்த ஒரு காகிதம் போதும்.